எஞ்சிய தகைவு

கோவையில் எங்கள் குடும்பப் பட்டறையில் லேத் பெட்டுகளை வார்த்ததும் இழைப்பதில்லை. மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடத்துவோம். வார்ப்பு குளிர்கையில் மெல்லிய பகுதி முந்தி இறுகும். தடித்த பகுதி பிந்திச் சுருங்கும். அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும். நூல்களில் அது 'எஞ்சிய தகைவு'; பட்டறையில் 'ஸ்ட்ரெஸ்'. மேற்பரப்பை இழைத்ததும் சமநிலை குலைந்து பெட் வளைந்தால், வார்ப்பும் கூலியும் வீண்.

உலையில் 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றி மெல்ல ஆற்றினால் தளரும். உலைதான் எங்களிடம் இல்லை. ரப்பர்த் திண்டுகளில் அமர்த்தி, மையம் விலகிய எடை சுழலும் மோட்டாரைப் பிணைத்து, ஒத்ததிர்வுக்கு அருகே அரைமணி அதிரவிடுவது மாற்றுவழி. அதனால் தகைவு எவ்வளவு குறையும் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை.

நாள் குறித்து வரும் வேலைக்கு அதிர்வைத் தேர்கிறோம். ஆயினும், ஒரு மழைக்காலம் கண்ட இரும்பிடமே எங்கள் நம்பிக்கை.