குறியீடு 92

ஆய்வு முறையியல் வகுப்புகளில் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு விழும். ஒருபுறம் அளவுசார் ஆய்வு: பெரிய மாதிரி, எண்கள், பொதுமைப்படுத்தல். மறுபுறம் பண்புசார் ஆய்வு: சிறிய களம், சொற்கள், ஆழம். தேர்வுக்கு இது போதும். ஆனால் இந்தியப் பெண்களின் உழைப்பு எண்ணப்பட்ட கதையை அறிந்தவர்களுக்கு அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதே ஐயமாகிவிடும்.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரது நிலைக்கும் ஒரு குறியீடு உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவர் 92. அதோடு விறகு, கீரை, மாட்டுத்தீவனம் சேகரிப்பவரும், வீட்டுத் தேவைக்காகத் தைப்பவரும் நெய்பவரும் 93. இவ்விரு குறியீடுகளுமே உழைப்பாளர் கணக்கிற்கு வெளியே நிற்பவை. தலையில் விறகுச் சுமையோடு நடந்து வருபவர் பட்டியலில் வேலை செய்யாதவர். இதில் கணிதப் பிழை ஏதுமில்லை. எது வேலை என்பது எண்ணத் தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. அம்முடிவு எண்களைக் கொண்டு எடுக்கப்பட்டதன்று.

விடை சொல்பவர் யார் என்பதும் சிறிய செய்தியன்று. பெரும்பாலும் வீட்டில் கிடைக்கும் ஒருவரே எல்லோருக்குமாகப் பேசுகிறார். மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டால் "சும்மாதான் இருக்கிறாள்" என்பார் திண்ணையில் இருப்பவர். (பல வேளைகளில் அப்பெண்ணே அப்படித்தான் சொல்வார்.)

1970களில் பொருளியலாளர் தேவகி ஜெயினும் மாலினி சந்தும் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் சில கிராமங்களில் வேறு வழியில் இறங்கினர். என்ன வேலை என்று கேட்பதோடு நிற்காமல், நாள் முழுவதும் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக் குறிக்கச் செய்தனர். வேலையற்றவர் எனப் பதிவான பெண்கள் களையெடுத்தார்கள், தீவனம் அறுத்தார்கள், மாடு மேய்த்தார்கள். வங்கத்தில் பிறர் வீட்டு நெல்லை அவித்தும் புடைத்தும் கொடுத்தார்கள்.

சில கிராமங்களை வைத்து ஒரு நாட்டைப் பேசலாமா? நியாயமான கேள்விதான். எவ்வளவு நுட்பமாகக் கண்டாலும், திட்டமிடுவோர் மேசையில் அதை ஒதுக்கி வைப்பது எளிது. எனவே கண்டது எண்ணாக வேண்டியிருந்தது. பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் தொடர்ந்து வலியுறுத்தியதன் பின்னர், 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வேலை பற்றிய வினாவில், நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்வதும் சேரும் என்ற சொற்கள் இடம்பெற்றன. 1998-99இல் ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு முன்னோட்டக் கணக்கெடுப்பு நடந்தது. நாடு முழுவதற்குமான முதல் கணக்கெடுப்பு 2019இல்தான் வந்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1, பங்கேற்றவர்கள் ஒரு நாளில் செலவிட்டது பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97. எத்தனை வாழ்க்கை வரலாறுகளைச் சேர்த்து எழுதினாலும் இந்த இரண்டு எண்கள் தரும் அடி விழாது.

அந்த எண்களுக்குள்ளும் இடுக்குகள் உண்டு. முந்தைய நாள் அதிகாலை நான்கு மணி முதலான இருபத்து நான்கு மணி நேரத்தை அரைமணித் துண்டுகளாக நினைவுகூரச் சொன்னார்கள். அடுப்பில் உலை கொதிக்க, இடுப்பில் குழந்தை அழ, காது தண்ணீர்க் குழாயில் இருக்கும் அரைமணியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இப்போது இன்னொரு புதிர். 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18இல் 23.3 விழுக்காடு, 2023-24இல் 41.7. இந்த உயர்வில் பெரும்பகுதி சுயதொழில் செய்பவர்களாலும் குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர்களாலும் வந்தது. இந்த உதவியாளருக்குக் குறியீடு 21. புதிதாக மாடு வாங்கியிருக்கிறார்களா, ஆண்கள் வெளியூர் போனபின் வயல் பெண்கள் கைக்கு வந்ததா, அல்லது முன்பு 92 என்று எழுதப்பட்டதே இன்று 21 ஆகிறதா? யாராவது அந்தத் திண்ணையைக் கடந்து உள்ளே போய், சில நாள் இருந்து பார்த்துவிட்டு வரவேண்டும்.