நம் அடுக்களையில் ஆளி விதை



உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம் என்று மதரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அந்த அமானிதத்தைப் பேணும் வேலை நாள்தோறும் நம் அடுக்களையில்தான் நடக்கிறது. சில ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் சமையலில் ஆளி விதைக்கு ஓர் இடம் உண்டு. உறவினர்களும் எங்களிடம் ஓதும் பிள்ளைகளின் தாய்மார்களும் அதைப் பற்றி அடிக்கடி கேட்கின்றனர். அவர்களுக்குச் சொல்லிவருவதை இங்கே ஒழுங்காக எழுதுகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடைகளில் 'பிளாக்ஸ் சீட்' என்று விற்கப்படுவதுதான் ஆளி விதை. இந்தியில் அல்சி, அரபியில் பிஸ்ருல் கத்தான். லினன் துணிக்கு நார் தருவதும் இந்தச் செடியின் தண்டுதான். ஹதீஸ் நூல்களில் 'கத்தான்' என்று வரும் துணி இதிலிருந்து நெய்யப்பட்டது. ஒலி ஒற்றுமையால் சிலர் இதை ஆலிவ் விதை என்று எண்ணுகின்றனர். ஆலிவ் என்பது ஜைத்தூன். அது வேறு மரம்.

வேறு சிலர் இதைக் கருஞ்சீரகத்தோடு சேர்த்துவிடுகின்றனர். கருஞ்சீரகத்தின் சிறப்பைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹான நூல்களில் பதிவாகியுள்ளது. கைப்பேசியில் வரும் செய்திகளில் அந்த நபிமொழியை ஆளி விதையின் படத்தோடு ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். உணவு எவ்வளவு நல்லதாயினும், நபியவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் சொல்வது பெரும் குற்றம். ஆளி விதையை அதன் சொந்தத் தகுதிக்காகவே உண்போம்.

அந்தத் தகுதி குறைவானதன்று. பொடித்த ஆளி விதை ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 7 கிராம் எடை. அதில் சுமார் 2 கிராம் நார்ச்சத்தும், ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் ஒமேகா-3 வகைக் கொழுப்பும் உள்ளன. நாரின் ஒரு பகுதி நீரில் ஊறிக் கொழகொழப்பாகும். அது மலத்தை இளக்கி எளிதாக வெளியேறச் செய்கிறது. ஒமேகா-3 இருப்பதால் மீனை விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். மீனில் உள்ளது வேறு வடிவம். ஆளி விதையில் உள்ளதை நம் உடல் சிறிதளவே அவ்வடிவத்துக்கு மாற்றுகிறது. மத்தி வாங்கும் வீடுகள் மத்தியைத் தொடர்ந்து வாங்கட்டும்.

எங்கள் வீட்டுக்கு இவ்விதை வந்தது உம்மாவுக்காக. எழுபதைக் கடந்த அவர்களுக்கு நெடுங்காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. அதைவிட அவர்களை வாட்டியது மலச்சிக்கல். வயதானவர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ரமலானில் பகலெல்லாம் தண்ணீர் இல்லாததால் தொல்லை மிகுந்து, தராவீஹில் பாதியிலேயே எழுந்து போகும் நிலை ஏற்பட்டது. அது தொழுகையின் மீதான சோர்வு என்று வீட்டிலுள்ள இளையவர்கள் எண்ணிக்கொண்டார்கள். பிறகு மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. நார்ச்சத்தையும் தண்ணீரையும் கூட்டுமாறு மருத்துவர் சொன்னார். தட்டில் மருந்து போல எதை வைத்தாலும் உம்மா ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே அவர்கள் விரும்பி உண்ணும் இட்லிப் பொடியிலேயே ஆளி விதையைச் சேர்த்தோம். சில வாரங்களில் மாற்றம் தெரிந்தது. அடுத்த ரமலானில், அல்ஹம்துலில்லாஹ், இருபது ரக்அத்தையும் நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுது முடித்தார்கள். சர்க்கரை மாத்திரையை ஒருநாளும் நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது.

இனிச் சமையலுக்கு வருவோம். முழு விதையின் தோல் கெட்டியானது. மெல்லாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். எனவே பொடித்தே பயன்படுத்த வேண்டும். விதையைச் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வறுத்தால் எள்ளைப் போலப் படபடவென்று வெடிக்கும். அப்போது இறக்கி, நன்றாக ஆறிய பின் விட்டுவிட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து அரைத்தால் எண்ணெய் கசிந்து கட்டி கட்டும். பொடி காற்றுப் பட்டால் விரைவில் சிக்கு வாடை எடுக்கும் என்பதால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, மூடிய புட்டியில் குளிர்பெட்டியில் வைக்கிறோம்.

இட்லிப் பொடிக்கு எங்கள் அளவு: ஆளி விதை ஒரு கப், உளுந்து அரைக் கப், கடலைப் பருப்பு கால் கப், காய்ந்த மிளகாய் பத்து, பூண்டு ஆறு பல், கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, சிறிது புளி, உப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்து, ஆளி விதையைக் கடைசியில் சேர்த்து அரைக்க வேண்டும். ஆந்திரத்திலும் மகாராஷ்டிரத்திலும் இது போன்ற பொடி காலங்காலமாக வழக்கில் உள்ளது. எகிப்தில் இவ்விதையின் எண்ணெயை வேகவைத்த அவரையான ஃபூலின் மேல் ஊற்றி உண்கிறார்கள்.

சப்பாத்திக்கு ஒரு கப் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி பொடி போதும். பொடி நீரை இழுக்கும் என்பதால் பிசையும் தண்ணீரைச் சற்றுக் கூட்ட வேண்டும். அடை மாவிலும் தயிர்ப் பச்சடியிலும் இது நன்றாகச் சேர்கிறது. நோன்புக் கஞ்சியில் ஒரு கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் இறக்கும்போது கலக்கலாம். ஆனால் கஞ்சி இறுகிவிடும். முன்கூட்டியே தண்ணீராக வைத்துக்கொள்ள வேண்டும்.

கேக் செய்வதற்கும் இது உதவும் என்பதை ஒரு மாணவியின் வழியாக அறிந்தோம். எங்கள் மதரஸாவில் ஒரு பிள்ளை குர்ஆனை ஓதி முடித்தால் வீட்டார் இனிப்போ கேக்கோ கொண்டுவந்து பகிர்வது வழக்கம். முட்டை ஒவ்வாத அந்தச் சிறுமி ஒவ்வொரு முறையும் தன் துண்டைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் ஓதி முடிக்கும் நாள் நெருங்கியபோது, அன்றாவது எல்லோரோடும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று விரும்பினோம். அவளுடைய தாயாரிடம் கலந்து பேசி, ஆளி விதை அவளுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதையும் உறுதி செய்துகொண்டு, முட்டையில்லா வாழைப்பழக் கேக் செய்தோம். முட்டை பட்ட பாத்திரங்கள் எதையும் எடுக்கவில்லை. அன்று அவள் இரண்டு துண்டு கேட்டு வாங்கி உண்டாள்.

செய்முறை எளிது. ஒரு முட்டைக்கு ஈடாக ஒரு மேசைக்கரண்டி பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் கூழாகும். அந்தக் கேக்குக்கு இவ்வாறு இரண்டு பங்கு கூழ், நன்கு பழுத்த வாழைப்பழம் மூன்று, நாட்டுச் சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரைக் கப், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைப் பிசைந்துகொண்டோம். கோதுமை மாவு ஒன்றரைக் கப், சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, 180 டிகிரி வெப்பத்தில் சுமார் 50 நிமிடம் சுட்டோம். நடுவில் குச்சி விட்டால் ஒட்டாமல் வர வேண்டும்.

இக்கூழ் மாவைச் சேர்த்துப் பிடிக்கும். அடித்த முட்டை போலப் பொங்கச் செய்யாது. பிஸ்கட்டுக்கும் பழக் கேக்குக்கும் ஏற்றது. முட்டையாலேயே எழும் பஞ்சு கேக்குக்கும், முட்டையாலேயே உறையும் வட்டலப்பத்துக்கும் இது உதவாது. பன், ரொட்டி செய்யும்போது மாவில் பத்தில் ஒரு பங்கைப் பொடியாக மாற்றலாம். மேற்புறம் சீக்கிரம் சிவக்கும். அடுப்பைக் கவனிக்க வேண்டும். ஆளி விதை எண்ணெயைப் பொரிக்கப் பயன்படுத்தக் கூடாது. அது விரைவில் புகைந்துவிடும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி போதும். தண்ணீர் தாராளமாகக் குடிக்காவிட்டால் மலச்சிக்கல் குறைவதற்கு மாறாகக் கூடிவிடும். ஆகவே நோன்பு நாள்களில் எங்கள் வீட்டில் இதை இஃப்தாருக்குப் பின்னரே உண்கிறோம். மாத்திரைகளுக்கும் இதற்கும் இடையே ஓரிரு மணிநேரம் விட வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்த மருந்து உண்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

வாசிக்கும் சகோதர சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். முதலில் 100 கிராம் மட்டும் வாங்கிப் பாருங்கள். பொடி அரைக்கும் அன்றே உங்கள் வீட்டுப் பெரியவர்களின் அருகே சற்று அமர்ந்து, வயிறு எப்படி இருக்கிறது என்று தனியாகக் கேளுங்கள். அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நலமுள்ள வாழ்வைத் தருவானாக. வஸ்ஸலாம்.