72-ல் ஒரு பங்கு

நவராத்திரி சமயத்தில் சிதம்பரம் மேல வீதிப் பக்கம் நாலு வீடு ஏறி இறங்கிப் பாருங்கள். சுண்டல் ஒருபுறம் இருக்கட்டும். கொலுப்படிக்குக் கீழே, தரையில், வீட்டுப் பிள்ளைகள் கட்டியிருக்கும் 'பார்க்'கைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஆற்று மணல், ஒரு வாரம் முன்பே தெளித்து முளைக்க வைத்த கேழ்வரகு, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு குளம், தீப்பெட்டி அட்டையில் வேலி. குளத்து வாத்து, பக்கத்துச் சாலையில் போகும் லாரியைவிடப் பெரியது. போலீஸ்காரர் வீட்டைவிட உயரம். ஆனால் "இதென்ன, வாத்து இவ்வளவு பெரிசா இருக்கு?" என்று எந்த மாமியும் கேட்பதில்லை.

இதையே அளவு பார்த்துச் செய்தால் அதற்கு டயோராமா என்று பெயர். உலகம் முழுக்க லட்சக்கணக்கானோருக்கு அது பொழுதுபோக்கு. பிளாஸ்டிக் கிட் வாங்கி, குட்டி விமானம் ஒட்டி, பெயின்ட் அடித்து, அது நிற்க ஒரு குட்டி ஓடுதளமும் செய்து வைக்கிறார்கள். அங்கே வாத்து லாரியைவிடப் பெரிதாக இருந்தால் தொலைந்தது!

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. விமான மாடல்களில் அதிகம் புழங்குவது 1:72. அதாவது அசலில் 72-ல் ஒரு பங்கு. ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் ஆறடி சரியாக ஓர் அங்குலமாகிவிடும். ஆறடி ஆள் ஓர் அங்குல ஆள். விளையாட்டுக்குப் பிடித்த அளவாகத் தெரிந்தாலும் இது உயிர் காக்கும் வேலைக்கும் பயன்பட்டிருக்கிறது. 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளிக்கூட மாணவர்களிடம் 5 லட்சம் விமான மாடல்கள் செய்து தரச் சொன்னது. அளவு இதே 1:72. மாடலை 35 அடி தள்ளி வைத்துப் பார்த்தால், அசல் விமானத்தை ஏறக்குறைய அரை மைலில் பார்ப்பது போல இருக்கும். வருவது எதிரியா, நம் ஆளா என்று ஒரு நொடியில் சொல்ல வீரர்கள் அதை வைத்துப் பழகினார்கள்.

போர் முடிந்த பிறகு இந்த வேலை கடைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1939-ல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ், ரப்பர் பொம்மையும் சீப்பும் விற்ற கம்பெனி. 1952-ல் கோல்டன் ஹைண்ட் என்ற கப்பலின் கிட்டை உல்வொர்த் கடைகளில் 2 ஷில்லிங்குக்கு விற்றது. பிறகு ஸ்பிட்ஃபயர் விமானம். அப்புறம் நிற்கவே இல்லை.

சரி, கடலூரில் ஒரு காலேஜ் பையன் இதில் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஹாபி கடை கிடையாது. கிட் தபாலில்தான் வர வேண்டும். மற்றதெல்லாம் உள்ளூரில் கிடைக்கும். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்ட நகவெட்டி, பிசிறு எடுக்க பிளேடு, தேய்க்க ஹார்டுவேர் கடை உப்புத்தாள். ஆனால் இரண்டு பாடங்களை அனுபவப்பட்டுத்தான் கற்றுக்கொள்வான். முதலாவது, கண்ணாடி மூடியை ஃபெவிக்விக் போட்டு ஒட்டக் கூடாது. அதன் ஆவி பட்டு மூடி வெள்ளையாகப் பூத்துவிடும், விமானிக்குக் கண்புரை வந்தது போல! அந்த இடத்துக்குச் சாதாரண வெள்ளை ஃபெவிகால்தான் சரி. இரண்டாவது, ஐப்பசி மழையில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. கடலோர ஈரக்காற்றில் பெயின்ட் சாம்பல் பூத்துப் போகும். வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாத பிரச்சினை ஒன்று பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

அவனுக்கு நம் விமானப்படையின் நாட் விமானம் செய்ய ஆசை. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் ஜெட்களை எதிர்த்து நின்று 'சேபர் ஸ்லேயர்' என்று பெயர் வாங்கிய விமானம். பெங்களூர் எச்.ஏ.எல்.-லிலும் உரிமம் பெற்றுக் கட்டினார்கள். அசலே நீளம் ஒன்பது மீட்டருக்குக் குறைவு. 1:72-ல் 12 செ.மீ., உள்ளங்கையில் அடங்கிவிடும். ஏர்ஃபிக்ஸில் நாட் கிட் இருக்கிறது. ஆசையாக வாங்கிப் பிரித்தால் உள்ளே இரண்டு இருக்கை! அது பிரிட்டனின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு ஓட்டிய பயிற்சி விமானம். நாம் சண்டையில் ஓட்டியது ஒற்றை இருக்கை. நீளம் வேறு, இறக்கை வேறு. அறுத்து, ஒட்டி, புட்டி பூசி, தேய்த்துத்தான் அதை 'நம்முடையது' ஆக்க வேண்டும். பிற்பாடு சில சிறிய ஐரோப்பிய நிறுவனங்கள் ஒற்றை இருக்கை நாட்டைக் குறைந்த எண்ணிக்கையில் கொண்டுவந்தன. ஆனால் ஸ்பிட்ஃபயர் எத்தனை அளவில், எத்தனை கம்பெனியில், எத்தனை விதமாகக் கிடைக்கிறது என்று எண்ணப் போனால் ஒரு நாள் போதாது.

ஏன் இப்படி? வெள்ளைக்காரன் சதியெல்லாம் இல்லை. பி.காம். முதல் வருடக் காஸ்ட் அக்கவுன்ட்டிங்தான்.

பிளாஸ்டிக் கிட்டுக்கு எஃகு அச்சு வேண்டும். உருகிய பிளாஸ்டிக்கை அதற்குள் பலத்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். செலவெல்லாம் அந்த அச்சில்தான். ஒரு பேச்சுக்கு அச்சுச் செலவு 50 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் கிட் விற்றால் பெட்டிக்கு 50 ரூபாய். ஆயிரம் கிட்தான் விற்கும் என்றால் பெட்டிக்கு 5,000 ரூபாய்! நிலைச் செலவு யாருக்கும் தயவு காட்டாது. எந்த விமானத்துக்கு லட்சம் பேர் காசு கொடுப்பார்களோ, அதற்குத்தான் அச்சு பிறக்கும். அச்சு பிறந்ததுதான் உலகம் முழுக்க மேஜைகளில் நிற்கும். அதுதான் அடுத்த தலைமுறையின் நினைவிலும் நிற்கும்.

விமானத்தை விடுங்கள், அதன் பக்கத்தில் நிறுத்த ஆள் தேடுங்கள். 1:72 ஆட்கள் பெட்டி பெட்டியாக வருகிறார்கள். பெரும்பாலும் சிப்பாய்கள். ஜெர்மன் சிப்பாய், பிரிட்டிஷ் கமாண்டோ, நெப்போலியன் படை. ஓடுகிறான், குறி பார்க்கிறான், குண்டு வீசுகிறான். இடுப்பில் குடத்தோடு நிற்கும் ஒரு பெண்ணை அந்தப் பெட்டிகளில் தேடினால் லேசில் கிடைக்கமாட்டாள்.

அவள் எங்கே கிடைப்பாள் தெரியுமா? கடலூரிலேயே, வண்டிப்பாளையத்தில்.

வண்டிப்பாளையத்திலும் பக்கத்துப் பண்ருட்டியிலும் கொலு பொம்மை செய்வது தொழில். வேலையைக் கவனித்தால் விமான மாடல் ஒட்டுகிறவனுக்கு எல்லாமே தெரிந்த சமாச்சாரமாக இருக்கும். இரண்டு பாதி அச்சு. களிமண்ணை அழுத்தி எடுத்து, இரண்டையும் ஒட்டி, இணைப்புக் கோடு தெரியாமல் வழித்துவிடுவார்கள். பிளாஸ்டிக் விமானத்தின் உடம்பும் இரண்டு பாதிதான், அங்கேயும் இணைப்புக் கோட்டைத் தேய்த்து மறைப்பதுதான் பாதி வேலை. பிறகு காயவைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டுவார்கள். அவர்களுக்கும் மழைதான் எதிரி.

வித்தியாசம் அச்சில். இங்கே அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். செலவு குறைவு, நேரமும் குறைவு. 2019-ல் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் ஆகஸ்ட் 17 வரை காட்சி கொடுத்தார். செப்டம்பர் கடைசியில் நவராத்திரி தொடங்கியபோது தமிழ்நாட்டுக் கொலுப்படிகளில் அத்திவரதர் பொம்மை வந்துவிட்டது. ஆறே வாரம்! எஃகு அச்சு வைத்திருக்கும் எந்தக் கம்பெனியாலும் இது முடியாது. அதனால்தான் கொலுவில் செட்டியார் மளிகைக் கடை உண்டு, கல்யாண செட் உண்டு, கிரிக்கெட் செட் உண்டு, காய்கறிக்காரி உண்டு. மலிவான அச்சு உள்ள இடத்தில் எல்லோருக்கும் இடம் கிடைக்கிறது.

ஆனால் கொலுவுக்கும் ஒரு குறை. அளவு கிடையாது. அங்கே பொம்மையின் உயரம் மதிப்பை வைத்து, வாங்கின கடையை வைத்து. சிதம்பரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. நடராஜர் சிற்சபைக் கூரையில் 21,600 பொன் ஓடுகள், ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் கணக்கு என்பார்கள். 72,000 ஆணிகள் உடம்பின் நாடிகள் என்பார்கள். அதுவும் ஒரு மாடல்தான், அர்த்தத்தை அளவாக வைத்துக் கட்டிய மாடல். அதற்கு ஸ்கேல் பிடிக்க முடியாது, பிடிக்கவும் வேண்டாம்.

ஆனால் சில விஷயங்களுக்கு ஸ்கேல் பிடித்தே ஆக வேண்டும். உதாரணத்துக்கு, தானே புயல்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற முந்திரியும் பலாவும் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. பல கிராமங்களுக்குக் கரன்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. இன்று காலேஜில் படிக்கிறவர்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். இன்னும் சில வருடத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் வகுப்பில் இருக்கமாட்டார்கள். ஸ்பிட்ஃபயருக்கு இருக்கிற அச்சு தானேவுக்கு எந்தக் காலத்திலும் வராது. லட்சம் பேர் வாங்கமாட்டார்களே.

ஆகவே அந்தக் கடலூர்ப் பையன்தான் செய்ய வேண்டும். 30 செ.மீ. சதுரப் பலகை ஒன்று போதும். 1:72-ல் அது ஏறக்குறைய 22 மீட்டர் சதுரம். ஒரு குடிசை, ஒரு சாய்ந்த முந்திரி, ஒரு விழுந்த கம்பம், தண்ணீர் லாரிக்கு ஒரு வரிசை, எல்லாம் அடங்கும். எட்டு மீட்டர்க் கம்பம் 11 செ.மீ. ஈர்க்குச்சி. முந்திரிக்குக் காய்ந்த செடி வேர், அதன் இலைக்கு வடிகட்டிய டீத்தூள். பண்ருட்டிப் பலாவுக்கு ஒரு கொத்தமல்லி விதை. பிளாஸ்டிக் குடம்? ஓர் அடிக்குச் சற்று மேல் உயரம் என்றால் 1:72-ல் ஐந்து மில்லிமீட்டர் கூட வராது. ஒரு மிளகு! ஐந்து மிளகு எடுத்து பச்சை, சிவப்பு, நீலம் என்று பெயின்ட் அடித்து வரிசையாக வைத்தால், தண்ணீருக்கு நின்ற அந்தக் காலை வந்துவிடும்.

துயரத்தைப் பொம்மையாக்கலாமா என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. இடிந்து கிடக்கும் ஐரோப்பிய நகரங்களைச் செங்கல் செங்கலாகச் செய்கிறவர்களிடம் இதை அதிகம் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். பதில் செய்முறையிலேயே இருக்கிறது. அளவு தெரியாமல் 1:72 செய்ய முடியாது. குடிசை வாசல் எவ்வளவு உயரம், மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது, வரிசை எங்கிருந்து தொடங்கியது என்று தெரிய வேண்டும். அதற்கு ஆயாவிடம் போய்க் கேட்க வேண்டும். "வாசலா? குனிஞ்சுதான் போவணும்பா" என்று தொடங்குவார். அளவு கேட்கப் போனால் கதை வரும். அன்று யார் வீட்டில் யார் படுத்துக்கொண்டார்கள், யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்பது வரை வரும். கேட்டுச் செய்ததைக் கேலி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டது. எஃகு அச்சே வேண்டாம், ஒரே ஒரு பொம்மை கூட எடுத்துக்கொள்ளலாம். நிலைச் செலவுக் கணக்கு மாறிவிட்டது. இனி 'நம் ஊருக்குக் கிட் இல்லை' என்று சொல்ல முடியாது. எதைச் செய்வது என்பதை மட்டும் முடிவு செய்ய வேண்டும். அதை எந்த இயந்திரமும் சொல்லாது.

அதுவரை சமையலறையில் மிளகு டப்பா இருக்கிறது. அடுத்த நவராத்திரிக்கு வாத்து இருக்கிறபடியே இருக்கட்டும், பாவம். பார்க்கின் ஒரு மூலையில் மட்டும் ஒரு ஜான் இடம் ஒதுக்கி, உங்கள் தெருவை அளந்து செய்து பாருங்கள்.