கோட்டையும் அச்சமும்

லண்டன் நகருக்கு மேற்கே, தேம்ஸ் ஆற்றின் அருகே, டுவிக்கன்ஹாம் என்னும் ஊரில் வெண்ணிற மாளிகை ஒன்று உள்ளது. கூரிய வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் உடைய அதனைக் காண்போர், பன்னூறு ஆண்டுப் பழைமை உடையது என்றே கருதுவர். உண்மையில் அது 18-ஆம் நூற்றாண்டிலே எழுந்தது. இங்கிலாந்தின் முதல் பிரதம மந்திரியாகக் கருதப்படும் ராபர்ட் வால்போலின் மைந்தர் ஹொரேஸ் வால்போல், இடைக்காலக் கோயில்களுக்கு உரிய ‘கோதிக்’ கட்டட முறையில் தம் இல்லத்தை அமைத்துக்கொண்டார். அக்காலத்தில் நாகரிகமற்றது என்று பலர் எள்ளிய முறை அது.

1764-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் ஒரு கனவு கண்டார். பழங்கோட்டை ஒன்றின் மாடிப்படி உச்சியிலே இரும்புக் கவசம் பூண்ட மாபெரும் கை ஒன்று தோன்றியது. அன்று மாலையே எழுதத் தொடங்கியவர், இரண்டு திங்களுக்குள் கதையை முடித்தார். ‘ஒட்ரான்டோக் கோட்டை’ ஆண்டிறுதியில் வெளிவந்தது. பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று கூறித் தம் பெயரை மறைத்துக்கொண்டார் ஆசிரியர். மக்கள் விரும்பிப் படித்ததைக் கண்டபின், 1765-இல் வந்த இரண்டாம் பதிப்பில் உண்மையை ஒப்புக்கொண்டு, அதனைக் ‘கோதிக் கதை’ என்றும் பெயரிட்டார்.

கதையின் தொடக்கத்திலேயே, மணநாளன்று இளவரசன் மீது பெரிய தலைக்கவசம் ஒன்று வானிலிருந்து வீழ்ந்து அவனை நசுக்குகிறது. இன்று படிப்போர்க்கு அது அச்சத்தைவிட நகைப்பையே தரக்கூடும். ஆயினும் அக்கவசத்தின் பின்னே ஒரு பழிச்செயல் இருக்கிறது. இளவரசனின் முன்னோன், உரிமையுடைய தலைவனை நஞ்சிட்டுக் கொன்று கோட்டையைக் கவர்ந்தவன். பழைய கட்டடம் ஒன்று, பழைய குற்றம் ஒன்றைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கிறது. பின்வந்த எழுத்தாளர் கவசத்தை விட்டுவிட்டு, இக்கருத்தையே கைக்கொண்டனர்.

1794-இல் ஆன் ராட்கிளிப் அம்மையார் ‘உடால்போவின் மர்மங்கள்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். இத்தாலியைக் கண்ணாற் காணாமலே அந்நாட்டு மலைக்கோட்டை ஒன்றைச் சொல்லோவியமாகத் தீட்டியவர் அவர். பெற்றோரை இழந்த எமிலி, அக்கோட்டையில் கருந்திரை ஒன்றை விலக்கிப் பார்த்து மயங்கி வீழ்கிறாள். அவள் கண்டது வெறும் மெழுகு உருவம் என்பது நூலின் இறுதியிலேதான் தெரிகிறது. பேய் இல்லை; ஆனால் அவளுடைய சொத்தைப் பறிக்க முயலும் மான்டோனி என்னும் கொடியவன் மெய்யாகவே இருக்கிறான்.

இந்நூலைப் படித்துப் படித்து மதிமயங்கிய ஒரு பெண்ணைத் தலைவியாக்கினார் ஜேன் ஆஸ்டின். ‘நார்த்தாங்கர் மடம்’ என்னும் அப்புதினம் அவர் மறைந்த பிறகு, 1817-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்தது. பதினேழு வயதுக் காதரின், பழைய மடமாக இருந்த ஒரு மாளிகைக்கு விருந்தினளாகச் செல்கிறாள். புயல் வீசும் இரவில், கரிய பேழை ஒன்றின் உள்ளே சுருட்டிய தாள்களைக் காண்கிறாள், விளக்கு அணைகிறது, நடுங்கியபடி இரவைக் கழிக்கிறாள். விடிந்து பார்த்தால் அவை சலவைக் கணக்குகள்! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அன்றோ? வீட்டுத் தலைவராகிய தளபதி டில்னி தம் மனைவியைக் கொன்றிருப்பாரோ என்றுகூட அவள் ஐயுறுகிறாள். அது பொய்யென உணர்ந்து நாணுகிறாள். ஆனால் நகையாடுவதோடு ஆஸ்டின் நின்றுவிடவில்லை. காதரின் செல்வக் குடும்பத்தவள் அல்லள் என்று அறிந்ததும், தளபதி அவளைத் துணையின்றி 70 மைல் தொலைவுக்கு வண்டியேற்றி அனுப்பிவிடுகிறார். கொலை பொய், கொடுமை மெய்.

பின்வந்தோர் கோட்டையை வேறு வேறு இடங்களில் எழுப்பினர். 1818-இல் மேரி ஷெல்லி படைத்த பிராங்கன்ஸ்டைன் என்னும் மாணவன், வீட்டின் உச்சியில் உள்ள தனியறையில் ஓர் உயிரை உருவாக்கி, அதனைக் கண்டு தானே அஞ்சி ஓடுகிறான். டிக்கன்ஸ் 1860, 1861-ஆம் ஆண்டுகளில் எழுதிய ‘பெரும் எதிர்பார்ப்புகள்’ என்னும் நூலிலோ, கைவிடப்பட்ட மணமகள் ஒருத்தி மணக்கோலம் களையாமல், கடிகாரங்களை நிறுத்திவிட்டு இருண்ட வீட்டிலே முதுமை அடைகிறாள்.

எனினும், இவற்றினும் ஆழமாக மனத்தைத் தொடுவது 1847-இல் சார்லட் பிராண்டி எழுதிய ‘ஜேன் அயர்’ ஆகும். தார்ன்பீல்டு மாளிகையில் ஆசிரியையாகப் பணிபுரியும் ஜேன், மூன்றாம் மாடியிலிருந்து விந்தையான சிரிப்பொலியைக் கேட்கிறாள். உடால்போ போன்ற மர்மம் இங்கும் உண்டோ என்று அவளே எண்ணுகிறாள். இம்முறை மெழுகு உருவமும் இல்லை, சலவைக் கணக்கும் இல்லை. வீட்டுத் தலைவர் ரோச்செஸ்டரின் மனைவி பெர்த்தா, மனநோயாளி என்று கூறப்பட்டு அங்கே அடைக்கப்பட்டிருக்கிறாள். அவள் ஜமைக்காவிலிருந்து கொணரப்பட்டவள். அவளைப் பற்றிப் பிறர் பேசுகின்றனர். அவள் தன் கதையைச் சொல்ல அந்நூலில் இடமே இல்லை.

அக்குறை நீங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. கரிபியன் கடலில் உள்ள டொமினிக்காத் தீவிற் பிறந்த ஜீன் ரீஸ், 1966-இல் ‘அகன்ற சர்காசோக் கடல்’ என்னும் புதினத்தில் அப்பெண்ணையே பேச வைத்தார். அவளுடைய இயற்பெயர் ஆன்டாய்னெட் என்பதும், பெர்த்தா என்பது கணவன் தன் விருப்பப்படி வைத்து அழைத்த பெயர் என்பதும் அந்நூலிலே தெரியவருகின்றன.