ஊர்மணம் கமழும் அங்காடிகள்

ஒரு நாட்டைக் காண விழைவோர் பெரும்பாலும் அதன் தலைநகரைக் கண்டு மீள்வர். வானளாவிய மாடங்களையும், விரைந்தோடும் ஊர்திகளையும், இரவைப் பகலாக்கும் விளக்குகளையும் கண்டு, அந்நாட்டையே கண்டுவிட்டதாக எண்ணி மகிழ்வர். ஆயினும், மலைச்சாரலிலும் கடற்கரையிலும் வயல்வெளியிலும் வாழும் மக்களின் உணவையும் கைத்திறத்தையும் அறியாதவர் நாட்டை அறிந்தவர் ஆகார். ஜப்பானியர், தலைநகராகிய டோக்கியோவில் இருந்தவாறே நாட்டுப்புறத்தை அறிதற்கு ஒரு வழி வகுத்துள்ளனர்.

ஜப்பான் 47 மாகாணங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் பல, டோக்கியோ நகரின் கின்சா, யூராகுச்சோ, நிஹோன்பாஷி முதலிய பகுதிகளில் தத்தம் பெயரால் அங்காடிகள் நடத்தி வருகின்றன. அவற்றை ‘ஆண்டெனா கடைகள்’ என்று வழங்குவர். ஆண்டெனா என்பது வானொலியின் அலைவாங்கி. அது காற்றில் வரும் அலைகளை ஈர்த்துத் தருவது போல, இக்கடைகள் நகர மக்களின் விருப்பத்தை அறிந்து ஊருக்கு உணர்த்துகின்றன. எப்பண்டம் விரைவில் விற்றது, எது தேங்கி நின்றது என்பவற்றைத் தொலைவில் உள்ள உழவரும் கைவினைஞரும் இவற்றின் வாயிலாக அறிகின்றனர்.

இவ்வங்காடிகளுள் புகுவோர் முதற்கண் வியப்பது உணவின் வேற்றுமையே. சான்றாக, மிசோ என்னும் பசையைக் கூறலாம். அவித்த சோயா அவரையோடு உப்பும், அரிசியிலோ வாற்கோதுமையிலோ வளர்த்த நுண்பூஞ்சையும் சேர்த்துப் புளிக்கவைத்து அதனைச் செய்வர். ஐச்சி மாகாணத்து ஒக்கசாகி நகரின் ஹச்சோ மிசோவோ தானியம் கலவாதது. அதனைப் பெரிய மரத்தொட்டிகளில் இட்டு, மேலே கற்களைக் கூம்பு போல் அடுக்கி, இரண்டு கோடையும் இரண்டு குளிர்காலமும் கடக்கும்வரை காத்திருப்பர். அது கருமை கலந்த செந்நிறமும் ஆழ்ந்த சுவையும் உடையது. கியோட்டோ நகரத்து வெண்மிசோவோ இனிமை மிக்கது. பெயர் ஒன்று, சுவை வேறு.

புத்தாண்டு நாளில் ஜப்பானியர் ‘சோனி’ என்னும் சாற்றினை உண்பர். பசையரிசியை அவித்து இடித்துச் செய்த ‘மோச்சி’யை அதில் இடுவது வழக்கம். கிழக்குப் பகுதியினர் அதனைச் சதுரமாக அமைப்பர். மேற்குப் பகுதியினர் வட்டமாக அமைப்பர். ககாவா மாகாணத்தாரோ, இனிப்புப் பூரணம் பொதிந்த மோச்சியை வெண்மிசோச் சாற்றில் இட்டு உண்பர். ஒரே திருநாள், ஒரே நாடு. எனினும் கலத்தில் இருப்பதைக் கண்டு உண்பவரின் ஊரை உய்த்துணரலாம்.

உணவு வரலாற்றையும் உரைக்கும். ‘கொன்பு’ என்னும் கடற்பாசி வடகோடியில் உள்ள ஹொக்கைடோவின் குளிர்கடலில் மிகுதியாக விளைவது. தென்கோடி ஒக்கினாவாவின் வெங்கடலில் விளையாதது. ஆயினும், ஒக்கினாவாச் சமையலில் அதற்குத் தனியிடம் உண்டு. எடோ காலத்தில் (1603–1868) வணிகக் கப்பல்கள் அதனை வடக்கிலிருந்து ஒசாகாவிற்குக் கொணர்ந்தன. அங்கிருந்து அது தெற்கே சென்றது. பழைய கடல்வழியின் சுவடு இன்றும் அடுக்களையில் அழியாது நிற்கின்றது.

இனிக் கைவினைப் பொருள்களைக் காண்போம். இவாதே மாகாணத்தின் நான்பு இரும்புக் கெண்டிகளும், வடகிழக்குப் பகுதியில் மரத்தைக் கடைந்து செய்யும் ‘கொகேஷி’ப் பாவைகளும் காண்போர் கண்ணைக் கவரும். இஷிகாவா மாகாணத்து வாஜிமா ஊரின் மெருகுக் கலங்கள் பெரும்புகழ் வாய்ந்தவை. உருஷி மரத்தின் பாலே அம்மெருகு. கடைந்த மரக்கலத்தின் நலிந்த இடங்களில் துணி ஒட்டி, சுட்ட மண்பொடியை அப்பாலிற் குழைத்துப் பலமுறை பூசி, தேய்த்து, மீண்டும் பூசுவர். அது ஈரம் பொருந்திய காற்றிலேதான் நன்கு இறுகும். இவ்வாறு 100-க்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து, பலர் கைமாறி, ஒரு கிண்ணம் உருவாகின்றது.

பெயர் விளங்காத தொழிலாளர் அன்றாடப் பயனுக்குச் செய்யும் பொருள்களில் பேரழகு உண்டு என்பதை அறிஞர் யானகி சோயெட்சு (1889–1961) வலியுறுத்தினார். 1936-ஆம் ஆண்டில் டோக்கியோவில் நாட்டுப்புறக் கைவினைக் காட்சிச்சாலையை அவர் நிறுவினார். 1974-ஆம் ஆண்டில் மரபுக் கைத்தொழில்களைப் பேணுதற்கு அரசு ஒரு சட்டம் இயற்றியது.

சட்டம் இருந்தும் கவலை நீங்கவில்லை. இளைஞர் நகரங்களை நாடிச் செல்கின்றனர்; சிற்றூர்களில் முதியோரே எஞ்சுகின்றனர். கற்பிக்கும் கை உண்டு. கற்கும் கை இல்லை. கைத்தொழில் ஏட்டில் எழுதி வைத்துக் காக்கத்தக்கது அன்று. ஒரு தலைமுறை கற்கத் தவறினால் அத்திறம் மீளாது.

இந்நிலையில், 2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் நோட்டோ தீபகற்பத்தைக் கடும் நிலநடுக்கம் தாக்கியது. வாஜிமாவின் காலைச் சந்தைப் பகுதியில் தீ மூண்டு, 200-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. மெருகுத் தொழிற்கூடங்கள் பல சிதைந்தன. அச்செய்தி அறிந்த டோக்கியோ மக்கள் பலர், இஷிகாவா மாகாணத்தின் அங்காடியை நாடிச் சென்று பொருள்களை வாங்கினர். அவர்கள் ஈந்தது பிச்சை அன்று, உழைப்பிற்குரிய விலை. பெற்றவர் தலை தாழவில்லை. கொடுத்தவர் கை வெறிதே மீளவில்லை.

கலம் செய்பவன் மட்டுமே கலையைக் காப்பவன் அல்லன்; அதன் அருமை அறிந்து வாங்கி, நாள்தோறும் எடுத்துப் புழங்குபவனும் காப்பவனே ஆவான். ஊரின் பொருளை ஊரார் மறவாது செய்தலும், பிறர் மதித்துக் கொள்ளுதலும் கூடிய இடத்தில் தொழில் தழைக்கும். தொழில் தழைத்த இடத்தில் ஊர் நிலைக்கும்.