சனிக்கிழமை கேட்டவர்கள்

தீபாவளிக்கு 17 நாள் இருந்தபோது அத்தை போன் செய்தார். "தம்பி, எனக்குக் கண்ணாடி மாத்தணும் போல இருக்கு. சனிக்கிழமை வேணும்னு கேட்டவங்க ஆர்டரை வெள்ளிக்கிழமைன்னு படிச்சிட்டேன்."

அத்தைக்கு 63 வயது. கிள்ளானில் வீட்டிலேயே முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை செய்து போத்தலில் போட்டு விற்கிறார். ஷா ஆலமில் ஒரு வீட்டுக்கு 6 போத்தல் வெள்ளிக்கிழமையே போய்விட்டது. வீட்டில் ஆள் இல்லை. கேட்டில் மாட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். மாலையில் பெய்த மழையில் பெட்டியே ஊறிப்போனது. அத்தை காசு வாங்காமல் மறுபடியும் மாவு பிசைந்தார்.

அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. பட்டியலைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை என்றுதான் இருந்தது.

அந்தக் கடையை வேர்ட்பிரஸில் கட்டிக் கொடுத்தது நான்தான். வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரே அவருக்குப் போதுமானதாக இருந்தது. "இணையத்தளம் இருந்தால் வசதி அத்தை" என்று ஆசை காட்டியவனும் நானே. வேர்ட்பிரஸ் 2003இல் வெளிவந்த திறமூல மென்பொருள், இலவசம். அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸும் இலவசம்தான். ஆனால் எந்த நாளில் பலகாரம் வேண்டும் என்று வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்க ஒரு நாள்காட்டி வேண்டும் அல்லவா? அதற்கென்று தனியாக ஒரு பிளகின் வாங்கினேன். ஆண்டுக்கு 79 அமெரிக்க டாலர். வாங்கும் முன் ஒரு சந்தேகம் கேட்டபோது 40 நிமிடத்தில் பதில் வந்தது, என் பெயர் சொல்லி, சிரித்த முகத்தோடு. அதில் மயங்கியவன்தான்.

இந்த 79 டாலர் எதற்கு என்று பலருக்குத் தெரிவதில்லை. வேர்ட்பிரஸ் ஜிபிஎல் என்ற உரிமத்தில் வருகிறது. அதே உரிமத்தில் விற்கப்படும் பிளகினை வாங்கியவர் காலமெல்லாம் வைத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். சந்தா முடிந்தாலும் பெரும்பாலானவை நின்றுவிடுவதில்லை. அப்படியென்றால் ஆண்டுதோறும் நாம் கட்டுவது புதிய பதிப்புகளுக்கும், ஏதாவது கெட்டுப்போனால் பதில் சொல்லும் ஆளுக்கும்தான்.

அந்த ஆளைத் தேடித்தான் அன்றிரவு டிக்கெட் போட்டேன். "தேதி தவறாக வருகிறது. மிக அவசரம்!" என்று ஒரே வரி. இப்போது படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. எந்தப் பதிப்பு, எப்போதிலிருந்து, ஒரு படம், எதுவும் இல்லை. நானும் அலுவலகத்தில் இப்படி மின்னஞ்சல் அனுப்புகிறவர்களைத் திட்டுகிறவன்தான்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கேஷை அழியுங்கள், மற்ற பிளகின்களை எல்லாம் நிறுத்துங்கள், தீமை மாற்றிப் பாருங்கள். இது முட்டாள்தனமான யோசனை இல்லை. இந்த மாதிரித் தளங்களில் பல சிக்கல்கள் ஒரு பிளகின் இன்னொன்றோடு மோதுவதால் வருபவைதான். ஆனால் தீபாவளி நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் கடையில் எல்லாவற்றையும் எப்படி நிறுத்துவது? தளத்துக்கு ஒரு நகல் எடுத்து, விடிய விடிய உட்கார்ந்து அதில் செய்து பார்த்தேன். தேதி மாறவில்லை. முந்திய வாரம் நான் பிளகினைப் புதுப்பித்ததையும், படங்களையும், படிப்படியான விவரத்தையும் எழுதினேன். மூன்றாம் நாள் வேறொருவர் பதில் எழுதினார்: கேஷை அழியுங்கள். அடுத்து மூன்றாமவர்: "சோதித்துப் பார்த்தோம், எங்களிடம் சரியாகவே வருகிறது."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

அத்தை காத்திருக்கவில்லை. மளிகைக் கடைக் கடன் கணக்குக்கு நாம் வாங்கும் அந்த 555 நோட்டு இருக்கிறதே, அதில் ஒன்றை எடுத்து, வந்திருந்த 43 ஆர்டர்களுக்கும் தானே போன் போட்டார். "நீங்க என்னைக்குமா கேட்டீங்க? சனிக்கிழமையா? காலையிலயா, சாயந்தரமா?" சிலரிடம் மகள் கல்யாணம் வரை பேச்சு நீண்டது. இரண்டு நாளில் முடித்துவிட்டார். பேசியதில் ஏழு பேர் கூடுதலாக ஆர்டர் கொடுத்ததையும் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் நாள் நான்காவது ஒருவரிடமிருந்து ஒரு வரி வந்தது. "நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள்?"

கோலாலம்பூர் நேரம் என்று எழுதினேன். இரண்டு மணி நேரத்தில் விளக்கமும் திருத்திய கோப்பும் வந்துவிட்டன. வாடிக்கையாளர் சனிக்கிழமையைத் தொட்டதும், புதிய பதிப்பு அதைச் சனி நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொண்டு, உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமித்திருக்கிறது. நாம் அந்த நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். எனவே அது வெள்ளி மாலை 4 மணி ஆகிவிட்டது. அத்தையின் பட்டியல் அந்த வெள்ளியைத்தான் காட்டியது. நியூயார்க்கில் இதே கணக்கைப் போட்டால் சனி அதிகாலை 4 அல்லது 5 மணி வரும், தேதி மாறாது. "எங்களிடம் சரியாக வருகிறது" என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் இருந்த இடத்தில் அது சரியாகத்தான் வந்திருக்கிறது.

முதல் மூவருக்கும் அந்தக் கேள்வி ஏன் தோன்றவில்லை என்று நெடுநேரம் யோசித்தேன். ஒரு நாளைக்கு எத்தனை டிக்கெட் மூட வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கலாம். எழுதி வைத்த பதிலை ஒட்டி அனுப்ப அரை நிமிடம் போதும். நான்காமவர் என் நீளக் கடிதத்தைக் கடைசி வரை படித்திருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வாங்கும்போது இந்த நால்வரில் யார் நமக்குக் கிடைப்பார் என்று எந்த விலைப்பட்டியலிலும் போட்டிருப்பதில்லை.

நடந்ததை அத்தையிடம் சொன்னேன். அவருக்குப் பொது நேரமெல்லாம் பிடிபடவில்லை. "அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே! ஒன்பது நாளாக அதை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை.

போன வாரம் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. கட்டலாமா என்று அத்தையிடம் கேட்டேன். 555 நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே, "எந்த ஊருன்னு கேட்டாரே, அவர் இன்னும் அங்கதான் வேலை செய்றாரா?" என்றார்.

அதையே ஒரு டிக்கெட்டாகப் போட்டுக் கேட்டிருக்கிறேன். இன்றோடு நான்கு நாள் ஆகிறது.