நீர் போகும் வழி

அடிக்கல் மந்திரிக்க வருமாறு பங்கு மக்கள் அழைக்கும்போதெல்லாம், பாறைமீது வீடு கட்டியவனையும் மணல்மீது வீடு கட்டியவனையும் பற்றிய நற்செய்திப் பகுதியையே நாம் வாசிப்பது வழக்கம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வாசித்து வருகிறோம். ஆயினும் தூத்துக்குடிக் கரையிலே பாறைக்கு எங்கே போவது? கரையோரத்தில் மணல், அதனை அடுத்து உப்பளம், அதற்கும் அப்பால் தேரியும் கரிசலும். ஆகவே அவ்வுவமையை உள்ளத்துக்கு உரியதாக மட்டும் விளக்கிவிட்டுச் செபத்தை முடித்துவிடுவோம். மழை பெய்தது, வெள்ளம் பெருகியது என்று அதிலே வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருப்பதை நாம் கருத்திற்கொண்டதில்லை. 2023 டிசம்பர் மாதமே அதனை நமக்குக் கற்பித்தது.

அப்போது நாம் பொறுப்பேற்றிருந்த பங்கில், குருமனை வளாகம் தெருவைவிடத் தாழ்ந்து கிடந்தது. 2021 நவம்பரில் பெய்த மழையில் முற்றத்திலே முழங்கால் அளவு நீர் நின்றது. மறு ஆண்டே வளாகம் முழுவதும் 2 அடி உயரத்துக்கு மண் நிரப்பி, சுற்றிலும் மதில் எழுப்பினோம். வேலை நடந்துகொண்டிருந்தபோது கொத்தனார், “சாமி, மதிலடியிலே நாலு இடத்துல தண்ணி போக வழி விட்டுருவோமா?” என்று கேட்டார். ஆடு நுழையும், பாம்பு வரும் என்று சொல்லி நாம் மறுத்துவிட்டோம். குருமடத்திலே மெய்யியலும் இறையியலும் கற்றோமேயன்றி, நீர் எப்படி ஓடும் என்பதைக் கற்றோமில்லை.

டிசம்பர் 17 திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு. அன்று தொடங்கிய மழை மறுநாளும் ஓயவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவாயிற்று, இம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அது மிகுதி. தாமிரபரணி பெருக்கெடுத்தது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது. அத்தகைய பெருமழைக்கு முன் எவர் வீடும் தப்புவது அரிது என்பது உண்மையே. ஆனால் நம் குருமனைக்குள் ஒரு சொட்டு நீரும் நுழையவில்லை. இறைவனுக்கு நன்றி கூறியபடி வெளியே வந்தோம்.

மதிலுக்கு அப்பால் நான்கு ஓட்டு வீடுகள் உண்டு. முன்பெல்லாம் அவற்றின் மழைநீர் நம் வளாகத்தின் வழியே ஓடி, தெருக்கால்வாயைச் சேரும். இப்போது அந்த நீரும், நாம் மேடாக்கிய நிலத்திலிருந்து இறங்கிய நீரும் அங்கேயே தேங்கி, சாளர மட்டத்துக்கு நின்றன. கணவரைக் கடலிலே இழந்த தாய் ஒருவர், நனைந்த அரிசி மூட்டையைத் திண்ணையிலே ஏற்றி வைத்திருந்தார். “என்னம்மா இப்படி ஆயிற்றே!” என்றோம். “சாமி, மழைய ஆண்டவர் தந்தாரு. மதில நீங்கதான தந்தீங்க” என்றார். குரலிலே சினம் இல்லை. அதனாலேயே அச்சொல் இன்றும் நம்மை விடவில்லை. அதே கொத்தனாரை அழைத்து மதிலை இரண்டு இடங்களில் உடைக்கச் செய்தோம். மாலைக்குள் நீர் வடிந்தது. அரிசியும், பிள்ளைகளின் புத்தகங்களும் போனவை போனவைதாம்.

வீடு கட்டுவோர் அறைகளைப் பற்றியும் ஓவியத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். நீரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அன்றுமுதல் கொத்தனார்களிடமும் பொறியாளர்களிடமும் கேட்டறிந்தவற்றைக் குடும்பங்களின் நன்மைக்காக இங்கே தருகிறோம்.

மனை வாங்குமுன் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை அதனைச் சென்று பாருங்கள். அண்டையிலுள்ள முதியோரிடம், நீர் எத்திசையிலிருந்து வந்து எங்கே போகும் என்று கேளுங்கள். புலப்படத்தில் ஓடையோ வாய்க்காலோ குறிக்கப்பட்டிருந்தால், விலை மலிவென்று மயங்கவேண்டாம். தூத்துக்குடி நகரின் மழைநீர் பக்கிள் ஓடை போன்ற வழிகளாலேயே கடலைச் சேரவேண்டும். நிலமோ தட்டை, கடல் ஏற்றத்தின்போது நீர் இறங்கத் தயங்கும். வழியை அடைத்தால் அது திரும்பி நம் வாசலுக்கே வரும்.

வீட்டின் தரைமட்டம் சுற்றுநிலத்தைவிட ஒன்றரை அடியேனும் உயர்ந்திருக்கவேண்டும். புதிதாய்ப் போடும்போதெல்லாம் தெரு உயர்வதால், தெருவின் நடு மட்டத்தையும் கணக்கிற் கொள்ளுங்கள். உள்ளே நிரப்பும் மண்ணை ஒரே நாளில் கொட்டிவிடாமல், அரையடி முக்காலடி அடுக்குகளாகப் பரப்பி, நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கவேண்டும். இல்லையேல் தரை பின்னர் அமுங்கும். முற்றம் வீட்டுச் சுவரிலிருந்து 10 அடிக்கு 6 அங்குலம் வீதம் வெளிநோக்கிச் சரியட்டும். அச்சரிவு தெருக்கால்வாயில் முடியவேண்டும். அண்டை வீட்டானின் சுவரில் முடியலாகாது.

அடுத்தது உப்பு. நம் முன்னோர் கடற்பவளக் கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு கட்டினர். அவ்வீடுகளின் சுவருக்குள் துருப்பிடிக்க இரும்பு இல்லை. இன்று பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம். அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பது அதுவே. நாம் கட்டும் காங்கிரீட்டிலோ கம்பி இருக்கிறது. உப்பு உட்புகுந்தால் கம்பி துருவேறிப் பருத்து, காரையைப் பிளந்துவிடும். ஆகவே உவர்க்கிணற்று நீரில் காங்கிரீட் கலக்கவே கூடாது. ஒரு லிட்டர் நீரில் குளோரைடு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது ஐ.எஸ். 456 நெறிமுறை; நீரைச் சோதிக்கக் கொடுங்கள். கழுவாத கடல்மணலும் ஆகாது. கடலோரச் சூழலில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. காங்கிரீட் கனம் வேண்டும் என்றும் அந்நெறிமுறை கூறுகிறது. கம்பியைத் தரையிலே கிடத்திக் கலவை கொட்டினால் அது கிடைக்காது. கீழே கவர் கட்டைகளை வைக்கச் சொல்லி, நின்று பாருங்கள். வார்த்தபின் 7 முதல் 10 நாள்வரை நல்ல நீரால் நனைத்து வாருங்கள்.

மழைநீரைக் கழிவுநீர்த் தொட்டியோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். மழை நாளில் தொட்டி நிரம்பி, அசுத்தம் வீட்டுக்குள்ளேயே ஏறும். கழிவுநீர் உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளியிருக்கட்டும். கூரை நீரைத் தனிக்குழியில் இறக்குங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதனைச் சட்டத்துக்கு அஞ்சி மட்டும் செய்யவேண்டாம்: நம் கரையில் மண்ணுக்குள் நன்னீர், உவர்நீரின் மேலே மிதந்து நிற்கிறது, மேலே ஊட்டாமல் இறைத்துக்கொண்டே இருந்தால், கீழிருந்து உப்பு ஏறிவரும்.

இவையெல்லாம் கொத்தனாருக்குரிய செய்திகள், குருவுக்கு ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். நம் வீட்டை மட்டும் உயர்த்தி, நீரை அயலார்மேல் தள்ளுவது அன்புக்கு எதிரான பிழை என்பதை நாம் நம் மதிலினாலேயே கற்றோம். நற்செய்தியில் வெள்ளம் வருகிறது. அவ்வெள்ளம் எவர் வீட்டின்மேல் போய் மோதுகிறது என்பதையும் கட்டுகிறவன் எண்ணவேண்டுமன்றோ?

இப்போது அடிக்கல் மந்திரிக்கச் சென்றால், தீர்த்தச் செம்பை எடுக்குமுன் ஒரு வாளி நீர் கேட்டு வாங்குகிறோம். மனையின் நடுவிலே அதனை ஊற்றி, எத்திசை ஓடுகிறது என்று வீட்டாரோடு நின்று பார்க்கிறோம். சிறுவர்கள் சிரிப்பார்கள், பெரியவர்கள் அண்டை வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். அதன் பிறகே செபத்தைத் தொடங்குகிறோம்.